மீன்தொட்டிக்கு ஓர் அவசரக் குழாய்

விலங்கியல் இரண்டாம் ஆண்டு முடிய நான் அறுத்தது ஒரே ஒரு தவளை. அந்தத் தகுதியை வைத்து அப்பா என்னை மீன் இன்ஜினியராக நியமித்தார். மஞ்சக்குட்டை ரோட்டில் எங்கள் லாட்ஜ். பெங்களூரில் ஏதோ ஓட்டலில் கோய் என்கிற ஜப்பான் வண்ண மீனைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. லாட்ஜின் புறக்கடையில் அதே மாதிரி தொட்டி வேண்டும்.

"கண்ணு, லீவு முடியறதுக்குள்ள பிளானப் போட்டுக் கட்டிப்புடணும். ஊத்துத் தண்ணி ஒருபக்கம் உழுகட்டும், மறுபக்கம் வழிஞ்சு ஓடைக்குப் போகட்டும். இதுக்கு என்னத்துக்கு மோட்டாரு, பில்டரு?"

ஊற்று மேலே பாறையில் இருக்கிறது. அதன் தண்ணீர் குழாய் வழியாக மேட்டில் எங்கள் வேலியோரத்துச் சிமெண்டுத் தொட்டியில் விழும். தொட்டிக்கு இரண்டு துவாரம். ஒன்று எங்கள் தோட்டத்துக்கு, மற்றது பக்கத்துக் காப்பி நாற்றுப் பண்ணைக்கு. மதியம் வரை எங்கள் முறை. அதன்பின் துணி சுற்றிய கட்டையை எங்கள் துவாரத்தில் அடைத்து, அவர்களுடையதைத் திறந்துவிட வேண்டும். லீவில் அது என் வேலை. தினமும் மறந்துவிடுவேன். மறந்துவிட்டு, தலைவாரிக்கொண்டு, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

பண்ணைக்காரர் அருள்சாமியின் மகள் ஆரோக்கியசெல்வி வருவாள்.

"ஏனுங்க, மணி பாக்கத் தெரியாதுங்களா உங்களுக்கு?"

"கடியாரம் நின்னுபோச்சுங்க."

"நேத்தும் நின்னுபோச்சுன்னு சொன்னீங்க."

"நேத்து நின்னது இன்னும் ஓடலீங்க."

"இதத்தான் காலேசுல சொல்லிக் குடுக்கறாங்களா? அங்க நாத்து வாடுதுங்க!"

எங்கள் பக்கம் சண்டைக்கும் மரியாதை குறையாது. அவளே கட்டையைப் பிடுங்கி மாற்றி அடைப்பாள். ஈரக் கையை உதறும்போது என் புத்தகத்தில் நாலு சொட்டு விழும். அந்த லீவில் அந்தப் பக்கங்களை மட்டும்தான் ஒழுங்காகப் படித்தேன்.

அப்பாவின் திட்டம் அவள் காதுக்குப் போன அன்று சத்தமே போடவில்லை.

"நாளெல்லாம் மீனுக்கே தண்ணி ஓடுச்சுன்னா எங்க நாத்து என்னங்க ஆகும்? எங்கப்பன் நொம்ப ஒடஞ்சு போயிட்டாருங்க. சோறே திங்கலீங்க."

ஒரு மீனால் இரண்டு வீட்டில் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்து நிஜமாகவே பிளான் போட்டேன்.

மீன்தொட்டியின் தரை நடுவில் சரியும். அந்தப் பள்ளத்தில் வடிகால். மீன் கழிவு அது வழியாக, பக்கத்தில் புதைத்த முதல் டிரம்முக்குப் போய் அடியில் தங்கும். இரண்டாவது டிரம்மில் ஜல்லி. மூன்றாவதில் கரியும் பழைய நைலான் வலையும். வலையில் நல்ல கிருமிகள் குடியேறி மிச்ச அழுக்கைத் தின்றுவிடும். சின்ன மோட்டார் ஒன்று தெளிந்த தண்ணீரைத் தூக்கித் திரும்பவும் தொட்டியில் கொட்டும். வற்றுகிற கொஞ்சத்துக்கும் தோட்டத்துக்கும் லாட்ஜின் போர்வெல் தண்ணீரே போதும். ஊற்று முழுவதும் நாற்றுக்கு.

குற்றம் சொல்ல முடியாத பிளான். கட்டி முடித்தால் அவள் வேலியோரம் வரவேண்டிய அவசியமே இருக்காது என்பது ஒன்றுதான் அதில் குறை.

ஆகவே இன்னொரு கோடு போட்டேன். ஊற்றுத் தொட்டியில் எங்கள் துவாரத்திலிருந்து மீன்தொட்டிக்கு.

"இது எதுக்குடா?" என்றார் அப்பா.

"கரண்ட் போனா மோட்டார் நின்னுரும்பா. மீன் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அப்ப மட்டும் ஊத்தத் தொறந்துக்கலாம். அவசரக் குழாய்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. விஞ்ஞானம் என் கட்சியில் நின்றது அந்த ஒரு தடவைதான்.

கட்டினோம். சிமெண்டின் காரம் போக நிரப்பி நிரப்பி இறைத்தோம். மீன்கள் வந்தன. மோட்டார் ஓடியது. எங்கள் துவாரத்தில் கட்டை இறுகிக் கிடந்தது. நாற்றெல்லாம் பச்சென்று நிமிர்ந்தன. தூரத்தில் அவள் குனிவதும் நிமிர்வதும் தெரியும், முகம் தெரியாது. காற்று பலமாக அடித்தாலே போய்விடும் கரண்ட், அந்தக் கோடையில் கண்கூடச் சிமிட்டவில்லை. சேர்வராயன் கோயிலுக்கு ஏறிப் போய், கரண்ட் போக வேண்டுமென்று கும்பிட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

லீவின் கடைசிச் சனிக்கிழமை இடி இடித்தது. மோட்டார் நின்றது. சட்டையை மாற்றிக்கொண்டு ஓடிப்போய்க் கட்டையைப் பிடுங்கினேன். அவள் பக்கம் தண்ணீர் குறைந்தது. வந்தாள். அவள் என்ன கேட்டாலும் சொல்லப் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"கரண்ட் போயிருச்சுங்களா? எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க."

திரும்பிவிட்டாள். சண்டை என்றால் கால்மணி நேரம் நிற்பாள். நல்ல மனசுக்கு அரை நிமிஷம் போதுமாக இருந்தது.

நாலடி போனவள் நின்றாள். "காலேசு எப்பங்க?"

"திங்கக்கிழமைங்க."

"அப்பறம் கரண்ட் போனா ஆருங்க தொறப்பாங்க?"

"அப்பாவுக்கு முட்டி வலிங்க. இந்த மேடு ஏற மாட்டாரு."

"அப்ப நாந் தொறந்து உடறனுங்க. மீனு என்ன பாவம் பண்ணுச்சு? கரண்ட் வர்ற வரைக்கும் இப்படி நின்னு பாத்துட்டு, அடச்சுப்புட்டுப் போறேன்."

நிற்பாளாம். நான் சேலத்து ஹாஸ்டலில் இருக்கும்போது.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் அப்பா மீன்தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கண்ணு, ஒரு ஜெனரேட்டர வாங்கிப் போட்டுட்டா இந்தத் தொறக்கறது அடைக்கறது ஒண்ணும் வேண்டாம் பாரு."

"வேண்டாம்பா," என்றேன். "அந்தச் சத்தத்துல கோய் மீன் இரை எடுக்காது."

"புத்தகத்துல போட்டிருக்குதா?"

"அதுக்குன்னு தனி அத்தியாயமே இருக்குப்பா."