கண்ணாடி ஓடு

செத்த வீட்டில சுண்ணாம்பு காயாமல் இருக்கிறதை நீங்கள் எப்பவாவது கண்டிருக்கிறியளோ?

புங்குடுதீவில கதிர்காமுவைக் கிடத்தியிருந்த அண்டைக்கு, கிணத்தடிக் குளியலறைச் சுவரில கை வைச்சிருந்தால் வெள்ளை ஒட்டியிருக்கும். ஒருத்தரும் வைக்கேல்லை. கதவில பூட்டு. திறப்பு அவரின்ர பெண்சாதி இலட்சுமிப்பிள்ளையின்ர சீலைத் தலைப்பு முடிச்சுக்குள்ள.

"எடியே, இவ்வளவு சனம் வந்திருக்கு. அந்த அறையைத் திறந்து விடன்," எண்டு பக்கத்து வீட்டுச் சீதேவி காதுக்குள்ள சொன்னாள்.

"ஏலாது, அக்கா."

"செத்த வீட்டில குளியலறைக்குப் பூட்டுப் போட்டவள் நீ ஒருத்திதான்!"

"நான் போடேல்லை. அவர் போட்டவர்."

அது உண்மை. முதல் நாள் பின்னேரம் கதிர்காமு கையெல்லாம் வெள்ளையாய் வந்து திறப்பை நீட்டினவர். "காயுமட்டும் ஒருத்தரையும் விடாதையும். நாளைக்குச் சிவக்கொழுந்து வந்தாப்பிறகு, வெயில் நிக்கேக்க, ரெண்டு பேருமாய்த் திறந்து பாருங்கோ." விடியப்புறம் நெஞ்சுக்குள்ள ஏதோ பிடிக்குது எண்டு எழும்பினார். சுவரோட சாஞ்சவர்தான்.

சிவக்கொழுந்து அவரின்ர ஒரே தங்கச்சி. கொழும்பில கலியாணம் கட்டின புதுசில ஒருக்கா வந்தவள். குளியலறைக் கதவைத் திறந்து பாத்திட்டு, "இந்த இருட்டுக்குள்ள தேரையோடயோ குளிக்கிறது, அண்ணை?" எண்டு கேட்டவள். அண்டைக்குப் பின்னேர பஸ்சிலயே திரும்பிப் போனவள். பிறகு இந்தப் பக்கம் வரேல்லை. கதிர்காமு அதைப் பற்றி வாய் திறக்கிறேல்லை. இலட்சுமிப்பிள்ளைதான் நல்லநாள் பெருநாளுக்கு ஞாபகப்படுத்துவாள்.

இந்த ஆடியில கொழும்பில தமிழரை அடிச்ச கலவரத்தில தங்கச்சியின்ர வீடு எரிஞ்சு போச்சு. புருசனை முந்தியே துலைச்சவள், தனிய, அகதிக் கப்பலில வந்து யாழ்ப்பாணத்தில இறங்கி, "அண்ணை, வரட்டோ?" எண்டு ஆள் விட்டுக் கேட்டாள். கதிர்காமு "வரச் சொல்லு" எண்டார். அடுத்த நிமிசம் சுண்ணாம்புச் சட்டியைத் தேடினார்.

வீட்டில கிடந்ததை வைச்சுத்தான் எல்லாம். கடற்கரைச் சிப்பி சுட்ட சுண்ணாம்புக்குள்ள உடுப்புக்குப் போடுற நீலத்தில ஒரு துளி விட்டார். உடைஞ்ச அலுமாரியின்ர கண்ணாடியைக் கழட்டினார். இலட்சுமிப்பிள்ளைக்குக் கோவம் வந்தது சீலையிலதான்.

"என்ர நைலெக்ஸ் சீலையையோ திரைக்கு வெட்டினனீங்கள்?"

"நீர் அதைக் கட்டுறேல்லைத்தானே."

"உங்கட தங்கச்சி திரும்பவும் வந்து மூக்கைச் சுளிச்சால்?"

"சுளிக்கட்டுமன். கண்ணாடி வைச்சிருக்கிறன், பாத்து நேராக்குவாள்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளேல்லை.

இப்ப அந்த மனிசன் முற்றத்துப் பந்தலுக்குள்ள கிடக்கிறார். நகக்கண்ணுக்குள்ள இன்னும் வெள்ளை. குளிப்பாட்டினவையும் அதைத் தேச்சு எடுக்கேல்லை.

"இன்னும் ஒரு பஸ் பாப்பம்," எண்டார் கதிர்காமுவின்ர ஒண்டுவிட்ட தமையன் அப்புத்துரை.

அந்த பஸ்சில சிவக்கொழுந்து வந்தாள். கையில ஒரு சின்னப் பை. தலை எண்ணெய் காணாமல் பறந்தது. அண்ணன்ர காலடியில இருந்தவள், எடுக்குமட்டும் எழும்பேல்லை.

பறைச் சத்தம் ஒழுங்கையைத் தாண்டி றோட்டால சுடலைக்குப் போச்சு. பொம்பிளையள் தலை முழுகக் கிணத்தடிக்கு வந்தினம். இலட்சுமிப்பிள்ளை முடிச்சை அவிழ்த்தாள்.

"இந்தாரும், மச்சாள். உமக்குத்தான்."

"எனக்கு இந்த வாளியே போதும், மச்சாள். அகதிக் காம்பில இதுக்கே லைனில நிண்டனான்." வாளியைக் கையில எடுத்தபடி, "நான் அப்ப சொன்னதை நீர் மறக்கேல்லை, என்ன?"

"மறக்கேல்லை," எண்டாள் இலட்சுமிப்பிள்ளை. "எண்டாலும் அவர் ரெண்டு பேரையும் திறக்கச் சொன்னவர்."

கதவு திறந்தது. ரெண்டு பேரும் வாசல்படியில நிண்டிட்டினம்.

மனிசன் கூரையில ஒரு ஓட்டைக் கழட்டிக் கண்ணாடி ஓடு போட்டிருந்தார். பின்னேர வெயில் அதுக்குள்ளால இறங்கி, ஒரு ஆள் நிக்கிறமாதிரி நடுவில நிண்டது. சுவரில சுண்ணாம்போட வேகாமல் கலந்த சிப்பித் துகளெல்லாம் மினுங்கினது. கண்ணாடி அந்த வெளிச்சத்தை வாங்கி மற்றச் சுவருக்குக் குடுத்தது. நைலெக்ஸ் திரை மெல்ல அசைஞ்சது. இத்தினை வருசமாய்த் தான் குளிச்ச அறை இதுதானோ எண்டு இலட்சுமிப்பிள்ளைக்கு விளங்கேல்லை. பின்னால எட்டிப் பாத்த சீதேவியும் வாயைப் பொத்தினாள்.

சிவக்கொழுந்து உள்ளுக்குப் போய்ச் சுவரைத் தொட்டாள். உள்ளங்கையில வெள்ளை ஒட்டினது. அதைப் பாத்தபடி கண்ணாடிக்கு முன்னால நிண்டாள். இலட்சுமிப்பிள்ளை கண்ணாடிக்குள்ள அவளின்ர மூக்கையே பாத்துக்கொண்டு நிண்டாள். மூக்குச் சுளிக்கேல்லை.

"இண்டைக்கு வேண்டாம், மச்சாள்," எண்டாள் சிவக்கொழுந்து. "காயட்டும்."

கிணத்தடியிலயே ரெண்டு பேரும் முழுகிச்சினம். சிவக்கொழுந்து வெள்ளை ஒட்டின கையை மட்டும் தண்ணியில வைக்கேல்லை.

அடுத்த நாள் காலமை ஆம்பிளையள் காடாத்தி எலும்பு பொறுக்கச் சுடலைக்குப் போச்சினம். சிவக்கொழுந்து அந்த அறைக்குள்ள குளிச்சாள். வெளிய வந்து, வாளியைத் திரும்ப நிரப்பி உள்ளுக்கு வைச்சிட்டு, "மச்சாள், நீர் போம்," எண்டாள்.