மறக்கச் சொன்ன கட்டி

1

இந்தக் கதை ஒரு காலிக் கட்டத்திலிருந்து பிறந்தது. போர்கில்ட் என்ற பெண்மணியின் நுரையீரலிலிருந்து எடுத்த திசுத் துணுக்கோடு நார்வேயில் எங்கள் பெர்கன் நோயியல் ஆய்வகத்துக்கு வந்த படிவத்தில், 'முந்தைய நோய்கள்' என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. நுரையீரல் புற்று என்று நான் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை அவருக்கு கீமோ.

2

முதல் வரைவு: "நுண்ணோக்கியில் குனிந்த கணமே எனக்குப் பொறி தட்டியது, உடனே நான்..."

(அடித்துவிட்டேன். பொய். எனக்கு எதுவும் தட்டவில்லை. அறிக்கையைப் பாதி எழுதியும் விட்டேன்.)

கவனித்தவர் கண்ணாடித் தகடுகளுக்குச் சாயம் ஏற்றும் குன்வோர்.

"ஐவின்ட், இந்த செல்லுங்க ஏன் சுழி சுழியா சுத்திக்கிட்டு இருக்கு? மூளை உறையில வர்ற கட்டி மாதிரில்ல இருக்கு?"

"அது தலையைத் தாண்டாது, குன்வோர்."

"தாண்டக் கூடாதுன்னு அதுக்கிட்ட யாரு சொன்னா? நீயா?"

3

எங்கள் தொழிலில் நோயாளிக்கு போன் செய்வதில்லை, துணுக்குகளோடுதான் சகவாசம். அன்று செய்தேன். போர்கில்ட் முப்பது வருடம் ஃபெர்ரி ஓட்டியவர்.

"தலையிலயா? ஆமா, பன்னெண்டு வருஷம் முன்னாடி ஒண்ணு எடுத்தாங்க. சாதுவான கட்டி, மறந்துடுங்கன்னாரு டாக்டர்."

"அதைப் படிவத்துல எழுதலையே?"

"அதான் மறந்துட்டேனே! சொன்னா கேக்கிற ஆளுங்க நான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பழைய கட்டியை மெழுகில் பதித்துச் சேமித்து வைத்திருந்த கட்டையை வரவழைத்து, புதிதாகச் சீவி, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். அதே சுழிகள். மற்றச் சோதனைகளும் அதையே சொல்லின. அரிதிலும் அரிதாக, சாது ஊர் தாண்டிப் போயிருந்தது. நுரையீரல் புற்றுக்கான கீமோ இதற்கு உதவாது; ரத்தானது.

4

முடிவு அ: கட்டிகள் சும்மா கிடக்க, போர்கில்ட் தொண்ணூறு வயது வரை...

முடிவு ஆ: அடுத்த குளிர்காலத்துக்குள்...

(இரண்டையும் பாதியில் விட்டேன். இப்படிப் பரவியவர்கள் வெகு சிலரே; அவர்களை வைத்து யாரும் கணிக்க முடியாது. அதை அவரிடமே சொன்னேன்.)

"எவ்வளவு நாள்னு தெரியாதா?"

"நிஜமாவே தெரியாதுங்க."

அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். சிரித்தார்.

"போன வாரம் ஒருத்தர் ஸ்கேனைப் பாத்துட்டு எட்டு மாசம்னாரு. அதுக்கு உங்க 'தெரியாது' எவ்வளவோ தேவல. சரி, வைக்கிறேன். உருளைக்கிழங்கு நடணும்."

நட்டுக்கொண்டிருப்பவருக்கு முடிவெழுத எனக்குக் கை வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் அறுவடை முடியட்டும்.