ரோச்சுக்குச் செத்த பற்றரி

தியாகலிங்கம் கிணற்றடியில் நின்று கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது விமானம் தலைக்கு மேலே வட்டமிட்டது. கொக்குவிலில் அந்த ஒழுங்கைச் சனம் முழுக்கப் பங்கர் குழிகளுக்குள் ஓடிவிட்டது. அவருக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மனைவி செல்வநாயகி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தார்.

குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. பங்கருக்குள் குந்தியிருந்தபடி அவள் அவருடைய சட்டைப் பையைத் தடவினாள். காது மெசின் இருந்தது. பற்றரிதான் செத்துப் போயிருந்தது. அது 1991. சண்டைக் காலம். யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வர அரசு தடை போட்டிருந்தது.

செல்வநாயகி விஞ்ஞான ரீச்சர். மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டாள்.

"வீட்டிலை செத்த பற்றரி கிடந்தாக் கொண்டு வாங்கோ."

ரோச் லைற்றிலும் ரேடியோவிலும் தேய்ந்த பெரிய பற்றரிகள் வந்தன. இன்னும் கொஞ்சம் உழைக்கட்டும் என்று வெயிலில் காயவைத்தவை, உப்புத் தண்ணீரில் அவித்தவை, எல்லாம் ஒரு பை நிறைய. பள்ளிக்கூட அதிபரிடம் சொல்லி, மின்னோட்டம் அளக்கும் ஆய்வுகூடத்து அம்பியர்மானியையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பற்றரிக்கும் ரோச் பல்புக்கும் நடுவே மானியை இணைத்தாள். பல்பு மங்கலாக எரிந்து அணைவதற்குள் ஊசி பாதிக்கு மேல் பாய்ந்து விழுந்தது. பல்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில், அவர் காதில் மாட்டிக் கையில் பிடித்திருந்த மெசினைத் தொடுத்தாள். ஊசி ஒரு பொட்டளவு அசைந்து அப்படியே நின்றது. காத்திருந்தாள். விழவில்லை.

"மெசினுக்குக் கொஞ்சக் கரண்ட் காணும். ரோச்சுக்குச் செத்தது உங்களுக்குச் சாகேல்லை!" என்று கத்தினாள்.

"ஏன் கத்துறீர்? எனக்குக் கேக்குது," என்றார் அவர். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மிச்சப் பற்றரிகளையும் அவள் ஒவ்வொன்றாகத் தொடுத்துப் பார்த்தாள். சோதித்தபடியே பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று ஊசி பூச்சியத்துக்குப் போய்விட்டது. வயர் கழன்றதோ என்று நெருடிப் பார்த்தாள். பிறகுதான் மெசினின் சுவிச்சில் இருந்த அவருடைய பெருவிரலைக் கண்டாள். கையை விலக்கிவிட்டுச் சுவிச்சைப் போட்டாள்.

"இஞ்சருங்கோ, நிப்பாட்டிப்போட்டே தலையாட்டினனீங்கள்?"

"பற்றரி மிஞ்சட்டுமெண்டுதான். உம்மடை முகத்தைப் பார்த்தாலே எனக்கு விளங்கும்."

"பிளேனுக்கு முகம் இருக்கே? அண்டைக்கு நான் கிணற்றடிக்கு எப்பிடி ஓடி வந்தனான் எண்டு தெரியுமே உங்களுக்கு?"

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அவர் அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஓம், இனி நிப்பாட்டமாட்டன்," என்றார்.

பெரிய பற்றரி மெசினுக்குள் அடங்காது. பழைய வேட்டித் துண்டில் பை தைத்து, அதற்குள் பற்றரியை வைத்து இடுப்பில் கட்டிவிட்டாள். அங்கிருந்து வயர் சட்டைக்குள்ளால் மெசினுக்கு ஏறியது. பை அடிக்கடி சரிந்து, அவர் உடுத்திருந்த சாரத்தையும் கீழே இழுத்தது. பக்கத்து வீட்டுக் குணலட்சுமி மதிலுக்கு மேலால் பார்த்துச் சிரித்தாள். அவர் கவலைப்படவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். செல்வநாயகி குசினியில் அடுப்படியில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் முற்றத்திலிருந்து எழும்பி வந்தார்.

"உமக்குத் தடிமன் பிடிச்சிட்டுது போலை."

"நான் சொல்லேல்லையே?"

"குரல் அடைச்சிருக்கு. அங்காலை இரும், மல்லித்தண்ணி வைக்கிறன்."

அவர் சாரத்தை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு அடுப்பை ஊதத் தொடங்கினார்.