இந்தப் பெட்டியில் ஓடுமா?

‘ஓடாது’ என்று கம்ப்யூட்டர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது.

சுற்றி வளைக்கவில்லை. ஒரு ‘மன்னிக்கவும்’ கூட இல்லை. திரையின் நடுவில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. அதற்குக் கீழே, புதிய விளையாட்டின் படங்களைக் காட்டுவதற்கு உங்கள் கம்ப்யூட்டரின் சக்தி போதாது என்று ஒரே ஒரு வரி.

மின்னல் அந்தச் சிவப்புக் குறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மின்னல் என்பது அவள் பெயரில்லை. ஐம்பதைத் தாண்டிய வயது, பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கும் வேலை, ஏறும்போது ஒரு முழங்காலும் இறங்கும்போது இன்னொரு முழங்காலும் வலிக்கிற உடம்பு. இதில் எதுவும் மின்னலுக்குப் பொருந்தாது. லாரி ஓட்டும் விளையாட்டுக்குள் அவளுக்கு மகன் வைத்த பெயர் அது. அதில் அவள் லாரி ஓட்டினால் சைக்கிள்காரன்கூட முந்திக்கொண்டு போவான். அதற்காக வைத்த பெயர்.

மகன் கடல் தாண்டி ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். போன் செய்தால் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

“சாப்பிட்டியாடா?”

“ம்.”

“வேலையெல்லாம்?”

“ம். நல்லா இருக்கு.”

“உடம்பு?”

“நல்லா இருக்கும்மா. வெச்சிடட்டுமா?”

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் விளையாட்டுக்குள் போய், ஆளுக்கொரு லாரியை எடுத்துக்கொண்டு, அவன் முன்னால் போக அவள் பின்னால் போக, ஆளில்லாத நீள ரோட்டில் உருட்ட ஆரம்பித்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவான். கிடங்கில் சூப்பர்வைசர் கத்தியது, பக்கத்து அறைக்காரனின் குறட்டை, தொலைந்துபோன குடை என்று எல்லாம் வரும். முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் வாயைத் திறக்கமாட்டான், ரோட்டைப் பார்த்தால் பேசுவான். இதைக் கண்டுபிடித்த பிறகுதான் அவள் வயதுக்கு ஒவ்வாத அந்த வேலையைக் கற்றுக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாலத்தைத் தாண்டியதும் அவன் குரல் இறங்கியது.

“அம்மா... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுடா.”

“எனக்கு இங்க...”

பட்டென்று திரை கறுத்துவிட்டது. அந்தப் பழைய விளையாட்டை அன்றோடு மூடப்போகிறோம் என்று கம்பெனி ஏற்கெனவே அறிவித்திருந்தது. சொன்னபடி மூடிவிட்டது. பாழாய்ப்போனவர்களுக்கு இன்னும் ஒரு வாக்கியம் பொறுக்கவில்லை.

அவள் உடனே போனை எடுத்தாள். “என்னடா சொல்ல வந்தே?”

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லாததுக்கா அந்த இழு இழுத்தே?”

“புது கேம் வருதும்மா. அடுத்த ஞாயித்துக்கிழமை அதுல பாக்கலாம். ஆனா அது ரொம்ப பெரிசு. உன் கம்ப்யூட்டர்ல ஓடுமான்னு தெரியல. ஓடலைன்னா விடு.”

அந்த ‘விடு’தான் அவளை விடவில்லை. மகன் எதையோ அடக்கிக்கொண்டிருக்கிறான். அது வெளியே வர ஒரே ஒரு ரோடுதான் உண்டு. அந்த ரோடு இந்தப் பெட்டிக்குள் வராது என்கிறது சிவப்புக் குறி.

“என்ன சொல்லுது உன் பெட்டி?” என்று கேட்டபடி வந்தார் புருஷன்.

அவரைத் தெருவே பூச்சிக்காரர் என்றுதான் கூப்பிடும். வீடு வீடாகப் போய்க் கரப்பான், எறும்பு, கரையானுக்கு மருந்து அடிப்பவர். அடித்து முடித்ததும் ஓட்டைகளைத் தேடித் தேடி வெள்ளி நிற டேப்பால் அடைத்துவிட்டு வருவார். வெளியில் செய்வதைவிட வீட்டில் அதிகம் செய்வார். சுவரில் ஆணி பிடுங்கிய இடம், கதவின் கீழ்ச்சந்து, காலியாக இருக்கும் பிளக் பாயின்ட், எதையும் விட்டுவைக்கவில்லை. மகன் ஊருக்குப் போன மறுநாளே அவன் அறையின் ஜன்னலைச் சுற்றிலும் டேப் ஒட்டி மூடிவிட்டார். ‘ஆளில்லாத ரூம்தான் பூச்சிக்குப் பிடிச்ச இடம்’ என்றார்.

“ஓடாதாம்” என்றாள்.

“நல்ல கம்ப்யூட்டர்டி அது. கட்டடத்துக்குப் படம் போடற ஆபீஸ்ல இருந்து வந்தது. அவங்க காலி பண்ணும்போது, ‘நீங்களே எடுத்துக்கங்க சார்’னு என் கையைப் பிடிச்சுக் குடுத்தாங்க.”

“தூக்கிப் போட இடமில்லாம குடுத்திருப்பாங்க.”

“உள்ளே எறும்புப் புத்தே இருந்துது தெரியுமா? நான்தான் சுத்தம் பண்ணி, எல்லாத்தையும் அடைச்சு, மனுஷன் வெச்சுக்கற மாதிரி ஆக்குனேன்.”

“ஆமா, அதுக்கு ஒரு மாலை போடணும்” என்று எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை ஷிஃப்ட்.

வாரத்தின் நடுவில், வேலை முடிந்து வரும் வழியில் கம்ப்யூட்டர் கடையில் ஏறினாள். சிவப்புக் குறியைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“பையனுக்கா அக்கா?”

“எனக்கு.”

கண்ணாடி தானாகவே மூக்குக்கு இறங்கியது. “நீங்களா வெளையாடறீங்க?”

“ஏன், ஆஸ்பத்திரிப் போர்வை மடிக்கறவ லாரி ஓட்டக் கூடாதா?”

“ஐயோ, ஓட்டுங்கக்கா. ஆனா இதுல ஓடாது. பெரிய கேமுக்கெல்லாம் படம் காட்டறதுக்குன்னே தனியா ஒரு கார்டு வேணும். உங்க மெஷின்ல அது இருக்கற மாதிரி தெரியல. கூடவே வந்த சின்ன சிப்பு ஒண்ணு, அதுதான் எல்லாத்தையும் முக்கி முனகி இழுத்துட்டுப் போகுது. மெஷினைக் கொண்டு வந்தீங்கன்னா தொறந்து பாத்துச் சொல்றேன்.”

“அதைத் தூக்கினா அப்புறம் என்னைத்தான் தூக்கணும். நீங்க வந்து பாக்க முடியுமா?”

“அடுத்த வாரம் வரேன்.”

“ஞாயித்துக்கிழமைக்குள்ளே வேணும்.”

கடைக்காரர் கையை விரித்தார். புது மெஷின் ஒன்றைக் காட்டி விலை சொன்னார். அவள் அதைத் திருப்பிக்கூடக் கேட்கவில்லை. கடையின் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அன்றைய நாளில் நடந்த ஒரே நல்ல காரியம்.

அன்று இரவு மகனுக்குப் போன் செய்து பார்த்தாள். “ம்” வந்தது. “நல்லா இருக்கு” வந்தது. “வெச்சிடட்டுமா” வந்தது.

சனிக்கிழமை சலவைக்கூடத்தில் டிரையர் மெஷின் ஒன்று மக்கர் செய்தது. ஈரப் போர்வையை எத்தனை தரம் சுற்றினாலும் ஈரமாகவே துப்பியது. மடிக்கும் மேஜைக்கு முன்னால் மலை போலக் குவிந்துவிட்டது. மெக்கானிக் வந்து பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். காற்றுப் போகும் குழாயில் கையை விட்டான். வெளியே வந்தது துணிப்பஞ்சு. ஒரு தலையணை தைக்கலாம், அவ்வளவு.

“மூச்சு விடற வழியை அடைச்சிட்டுக் காயப்போடு காயப்போடுன்னா, அது எங்கே இருந்துக்கா காயப்போடும்?” என்றான்.

மின்னலின் கை போர்வையோடு நின்றுவிட்டது.

வீட்டுக் கம்ப்யூட்டரும் மூச்சு முட்டினாற்போல்தான் முனகும். மேலே கையை வைத்தால் சுடும். அதன் முதுகு முழுக்க வெள்ளி டேப்.

ஞாயிறு காலை காபியை முடித்ததும் பெட்டியைத் திருப்பிப்போட்டு, கீழே உட்கார்ந்து நகத்தால் டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள். பூச்சிக்காரர் பதறி ஓடி வந்தார்.

“அடியே, என்ன பண்றே? திரும்பவும் எறும்பு குடி வந்துடும்!”

“வரட்டும். அதுங்களாவது என்கூடப் பேசும்.”

“நான் அதை எவ்வளவு பொறுமையா ஒட்டுனேன் தெரியுமா?”

“தெரியுது, என் நகம் போகுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க.”

முதல் பட்டையின் கீழே காற்றுத் துளைகள். தூசு பொலபொலவென்று மடியில் உதிர்ந்தது. அடுத்த பட்டை சுலபத்தில் வரவில்லை. கத்தியை நுழைத்து நெம்பினாள். வந்தது. அதன் கீழே துளைகள் இல்லை. வேறு ஒன்று இருந்தது.

வரிசையாகச் சில வாய்கள், ஒயர் குத்துவதற்கு.

மானிட்டர் ஒயர் மேலே ஒரு வாயில் குத்தியிருந்தது. அவள் அதையும் பார்த்தாள், இதையும் பார்த்தாள். அச்சு அசல் அதே வாய். கடைக்காரருக்குப் போன் போட்டாள். நல்லவேளை, ஞாயிறு அரைநாள் கடை உண்டு.

“மானிட்டர் ஒயர் குத்தியிருக்கற மாதிரியே கீழேயும் ஓட்டை இருக்கு. வரிசையா இருக்கு. கட்டடத்துக்குப் படம் போடற ஆபீஸ்ல இருந்து வந்த மெஷின் இது.”

“வரிசையாவா? படுத்த மாதிரி, ஒரே பட்டையிலயா?”

“ஆமா.”

“அக்கா! அதுதான் நான் சொன்ன கார்டு! படம் போடற ஆபீஸ் மெஷின்ல இல்லாம இருக்குமா? இத்தனை நாளா அது உள்ளே சும்மா உக்காந்துட்டிருந்திருக்கு. ஏன் நீங்க பாக்கவே இல்ல?”

“டேப் ஒட்டியிருந்துது.”

“கார்டு மேல எதுக்குக்கா டேப்?”

“எங்க வீட்டுக்காரர் பூச்சிக்காரர்.”

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. சிரித்து முடித்து, மெஷினை அணைத்து ஒயரை மாற்றிக் குத்தச் சொன்னார். குத்தினாள். திரை கறுப்பாகவே இருந்தது. ‘போச்சு, இருந்ததையும் கெடுத்துட்டேன்’ என்று நினைக்கும்போது பளிச்சென்று வெளிச்சம் வந்தது. கம்ப்யூட்டர் தானாக எதையெதையோ தேடி இறக்கிக்கொண்டது. அணைந்தது, எழுந்தது. மறுபடி சோதித்தாள்.

சிவப்பு இல்லை. பச்சையும் இல்லை. மஞ்சள். தரத்தைக் குறைத்துவைத்தால் ஓடும் என்றது. தட்டுத்தடுமாறிப் பாஸ்.

பூச்சிக்காரர் பிரித்துப்போட்ட டேப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அப்போ, இத்தனை வருஷமா அது உள்ளேயே...”

“ஆமா.”

“நான்தான் அடைச்சு வெச்சிருந்தேனா?”

“ஆமா.”

பொறுக்கிய டேப்பை உருண்டையாகச் சுருட்டினார். “ஆனா ஒரு பூச்சி வரல, பாத்தியா?”

அவளுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. விளையாட்டு இறங்கும்வரை நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள்.

மத்தியானம் உள்ளே நுழைந்தாள். மலைப் பாதை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. படம் திக்கித் திக்கித்தான் நகர்ந்தது, ஆனால் நகர்ந்தது. முதல் வளைவில் ஒரு லாரி விளக்கை எரியவிட்டு நின்றுகொண்டிருந்தது.

“அம்மா? நீயா?” காதில் மாட்டும் கருவி உடைந்து வெகுநாளாகிறது. மகன் குரல் ஸ்பீக்கரில் கூடம் முழுக்கக் கேட்டது.

“மின்னல் வந்துட்டேன்டா.”

“உன் பெட்டியில எப்படிம்மா ஓடுது?”

“அது உங்கப்பாவோட பெரிய கதை. நீ வண்டியை எடு.”

‘என்ன சொல்ல வந்தே’ என்ற கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது. கேட்டால் மூடிக்கொள்வான். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பின்விளக்கைப் பிடித்தபடி ஓட்டினாள். ஒரு குகை போனது. ஒரு பாலம் போனது.

“உனக்குப் பனி எப்படிம்மா தெரியுது?”

“புள்ளி புள்ளியா. சீலை மேல பவுடர் டப்பாவைக் கவுத்த மாதிரி.”

“எனக்கு ஒவ்வொண்ணும் தனித்தனியா விழுது.” ரோடு நீண்டது. “அம்மா, எனக்கு இங்க முடியலம்மா.”

அவள் ஆக்ஸிலேட்டர் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“ஒண்ணும் ஆகல. வேலை போகல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு சொல்லிச் சொல்லியே அலுத்துப்போச்சு. வேலை, ரூம், வேலை, ரூம். என் பேரைச் சொல்லிக் கூப்பிட இங்க ஆளே இல்லம்மா. நான்... வந்துடட்டுமா?”

மின்னலின் லாரி நேராகப் போய்ப் பனி மேட்டில் மூக்கைக் குத்தி நின்றது. அவளுக்குத் திரை சரியாகத் தெரியவில்லை. கம்ப்யூட்டரின் குற்றமில்லை.

“வாடா” என்றாள்.

“அப்பா என்ன சொல்வாரு? தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருப்பாரே, பையன் வெளிநாட்டுல இருக்கான்னு.”

அவள் திரும்பினாள். நாற்காலிக்குப் பின்னால் பூச்சிக்காரர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. மேஜைமேல் கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

முன்னால் போன லாரி பின்னோக்கி வந்து, பனியில் புதைந்த லாரிக்குப் பக்கத்தில் நின்றது. இருவருமே எஞ்சினை அணைத்தார்கள். பனி அவனுக்குத் தனித்தனியாகவும் அவளுக்குப் புள்ளி புள்ளியாகவும் விழுந்துகொண்டிருந்தது.

உள்ளறையிலிருந்து சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. நிறுத்தி, மறுபடி சர்ர்ர்.

“அது என்னம்மா சத்தம்?”

“உங்கப்பா. உன் ரூம் ஜன்னல் டேப்பைப் பிரிக்கறாரு.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

“இப்பவேவா?” என்றான் கடைசியில். “நான் இன்னும் டிக்கெட்டே எடுக்கலியே.”

“அவர் ஒட்டுன டேப்புடா அது” என்று முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள் மின்னல். “இப்போ ஆரம்பிச்சாத்தான் நீ வர்றதுக்குள்ளே முடியும்.”