மூன்றாவது தடவை

பஞ்சாயத்து கிளார்க் பாலசுப்ரமணியன், ஆட்சேபணை உண்டா என்று இரண்டாவது தடவையும் கேட்டுவிட்டார். செங்கம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மோசஸின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துச் சுதந்திர தினம். பள்ளிக்கூட மைதானத்தில் கொடி ஏற்றியாகிவிட்டது, மிட்டாய் கொடுத்தாகிவிட்டது, இப்போது கிராம சபை. கடற்கரையில் வரப்போகிற ஓட்டலுக்குக் காலனிச் சுடுகாட்டின் குறுக்கே ரோடு விடலாமா என்பதுதான் தீர்மானம். செங்கம்மாளின் புருஷன் கண்ணாயிரம் அங்கேதான் சவுக்குத் தோப்பின் ஓரமாகக் கிடக்கிறான். அளவுக்கல் நட்டிருப்பது சரியாக அவன் தலைமாட்டில்.

காலனிக்கென்று ஒரு முறை உண்டு. எந்தப் பேச்சானாலும் கூட்டத்தில் மூன்று தடவை கேட்பார்கள். முதல் இரண்டுக்கு யாரும் வாய் திறக்கக் கூடாது, அது யோசிக்க. மூன்றாவதுக்குப் பெரியதனக்காரர் எழுந்து எல்லோருக்குமாகப் பதில் சொல்வார். எழவில்லையென்றால் சம்மதம். எல்லோரும் பண்ணைக் கூலிக்குப் போன காலத்தில், ஒருத்தன் முந்திக்கொண்டு பேசி மறுநாள் அவன் மட்டும் அடிபடக் கூடாதே என்று வைத்த முறை. கிராம சபைக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது, கிளார்க்கும் மூன்று தடவை கேட்கப் பழகிவிட்டார். வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இருந்தால் இருக்கட்டும்.

இப்போது மோசஸ்தான் பெரியதனம். போன ஞாயிறு, சாமி கும்பிடுகிற வீடும் ஜெபம் பண்ணுகிற வீடும் சர்ச்சுக்குப் பின்னால் கூடி, ரோடு கூடாதென்று முடிவெடுத்தாயிற்று. "நான் எய்ந்து சொல்றேன். நீங்க யாரும் வாயத் தொறக்காதீங்க," என்றார் மோசஸ். செங்கம்மாளைப் பார்த்து, "அந்தக் குழிய நான்தான வெட்னேன் தங்கச்சி, வுட்ருவனா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவள் அன்றைக்கு நிம்மதியாகச் சோறு தின்றாள்.

"மூணாவது தபா கேக்கறேன். யாருக்காவது ஆட்சேபணை கீதா?"

மோசஸ் எழவில்லை. சட்டைக்கைப் பித்தானைக் கழற்றினார், திரும்பப் போட்டார். அறுபது பேர் அந்த முதுகைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் செல்லம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். செங்கம்மாளுக்கும் நாக்கு அசையவில்லை. நாற்பது வருஷப் பழக்கம் லேசில் விடுமா? 'ஒருமனதாக நிறைவேறியது' என்று கிளார்க் எழுதிக்கொண்டார். அப்போதுதான் பந்தலுக்கு வெளியே நின்ற ஓட்டல் ஜீப்பையும், அதன் பக்கத்தில் ஓட்டல் வாட்ச்மேனின் புது நீல யூனிபாரத்தில் கூச்சத்தோடு நின்ற மோசஸின் மூத்த மகன் ஜோஷ்வாவையும் அவள் பார்த்தாள். ஓட்டல்காரன் மேல்கூட அவளுக்குக் கோபம் இல்லை. அவன் அந்நியன், கேட்கத்தான் செய்வான். இந்த மனுஷன், அடிபடாமல் காக்கவென்று வைத்த முறையைக் கொண்டே எல்லோர் வாயையும் கட்டிப்போட்டுவிட்டாரே.

கையெழுத்துப் போட வரிசை சேர்ந்தது. செங்கம்மாள் அதில் போய் நிற்கவில்லை. நேராக முன்வரிசைக்குப் போய், மோசஸின் எதிரே மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணாத்த, நாலாவது தபா நான் கேக்கறேன்."

வரிசை நகரவில்லை. பேனாவைக் கையில் வாங்கியிருந்த செல்லம்மா திரும்பிப் பார்த்தாள். மோசஸ் தலை நிமிராமல் கால் கட்டைவிரலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். சின்னதாக ஒரு குழி விழுந்தது. அவர் நிறுத்தவில்லை.