இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

என் அக்கா மகாலட்சுமிக்கு வில்லியனூர் தேர்முட்டிக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை. ஸ்வீடன் நாட்டுத் துப்பறியும் நாவல் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்து, முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கம் தட்டச்சு செய்து அவளிடம் கொடுத்தேன். நான்கு பிரதி எடுத்து ஸ்பைரல் போட்டாள். ஒன்று அவளுக்கு, மூன்று வெளியாட்களுக்கு.

பதிப்பகத்தில் புகழ்வேந்தன் என்பவர்தான் பதிப்பாசிரியர். போனில் சொல்லியிருந்தார். "இலக்கியம் படிக்கிறவங்ககிட்ட குடுக்காதீங்க. அவங்க மரியாதைக்கு நல்லா இருக்குன்னுடுவாங்க. பேப்பர் படிக்கிற ஆளுங்ககிட்ட குடுங்க. என்ன சொல்றாங்களோ அப்படியே எழுதி அனுப்புங்க. தேறினா இதே வரிசையில மீதி ரெண்டு புத்தகமும் உங்களுக்கு. தேறலேன்னா இதையும் போட மாட்டோம்."

அந்த வரிசையை நம்பித்தான் மார்ச்சில் நைட் ஷிப்டை விட்டேன். நான்கு வருடம், வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் புகார்களைப் போனில் இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் அங்கே வந்தது. தூக்கம் அங்கே போனது. இப்போது கம்பெனியிலிருந்து செய்தி வந்திருந்தது. திங்கட்கிழமை மதியத்துக்குள் சரி என்றால் பழைய நாற்காலி கிடைக்கும். கையில் வேறு எதுவும் இல்லையென்றால் நான் சரி என்றுதான் சொல்லியாக வேண்டும்.

ஞாயிறு மதியம் கடையில் கூடினோம். அக்கா ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். கரியமாணிக்கத்துச் சுப்பராயலு முதலில் வந்துவிட்டார். போலீஸ் ஏட்டாக ரிடையரானவர், இப்போது நெல் போடுகிறார். மடியில் ஒரு நோட்டு வைத்திருந்தார். அடுத்து ரோஸ்லின். அக்காவோடு படித்தவள், ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். கடைசியாக அய்யனார், என் வயசுக்காரன். கரும்பு லாரி ஓட்டுகிறான். ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் படித்ததாகச் சொன்னான். பிரதியில் கிரீஸ் இருந்தது.

"சொல்லுங்க" என்றேன். பேனாவை எடுத்துக்கொண்டேன்.

"சாப்பாடே இல்லடா மச்சான்" என்றான் அய்யனார். "முந்நூறு பக்கம் காபியே குடிக்கிறானுங்க. அந்தம்மா இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு தடவ ரொட்டி துன்னுது. அதுவும் பாதியில போன் வந்துடுது."

"எழுதிக்கிறேன்."

"பாடிய வாங்க ஒருத்தன் வரல தம்பி" என்றாள் ரோஸ்லின். "போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சி நாலு நாள் கெடக்குது. எங்க மார்ச்சுவரி வாசல்ல வந்து பாரு, ஒரு ஆளு செத்தா ரெண்டு வேன் ஜனம் நிக்கும். இங்க பொண்டாட்டி போன்ல 'அப்படியா'ங்குறா. எனக்குக் கொலைய வுட அதான் பயமா இருந்துச்சி."

"நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான். தூக்கம் வரல."

கொஞ்சம் மூச்சு வந்தது. உறைந்த ஏரியில் பனியைத் துளைபோட்டு மீன் பிடிக்கிற கட்டம் அய்யனாருக்குப் பிடித்திருந்தது. துளைக்குள் மீனுக்குப் பதில் ஒரு கை தெரியும் இடத்தில் ஹாரன் அடித்துவிட்டானாம். முன்னால் நின்ற டிராக்டர்காரன் இறங்கி வந்து திட்டியிருக்கிறான்.

பிறகு மூன்று பேரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"இன்னா?" என்றேன்.

"அத நீயே கேளு" என்றாள் அக்கா. முகம் கடுகடுவென்றிருந்தது. "ஒரு வாரமா மூணு பேரும் தனித்தனியா வந்து, 'மகா, எரநூத்திப் பன்னண்டுக்கு அப்புறம் ஒரு பக்கம் வுட்டுட்டியா'ங்குறாங்க. பதினோரு வருசமா கட வச்சிருக்கேன். பத்திரம், பாண்டு எல்லாம் எடுத்திருக்கேன். ஒரு பக்கம் வுட்டதில்ல. உக்காந்து எண்ணிப் பாத்தேன். எல்லாம் இருக்குது."

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் பழைய கடிதம் கிடைக்கிறது. பாதிரியார் ஹென்ரிக் இளம்வயதில் தன் மாமா மகள் இடாவைக் காதலித்தார், ஒரு குழந்தையும் பிறந்தது, இரவோடு இரவாகத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். முப்பது வருடக் குடும்ப ரகசியம். அது வெளியே வராமலிருக்கத்தான் ஹென்ரிக் மூன்று பேரைக் கொல்கிறார்.

"ரகசியம் எங்கடா?" என்றான் அய்யனார். "மாமா பொண்ணு. கட்டிக்க வேண்டிதானே? பத்திரிக அடிச்சி மைக்செட்டு கட்ட வேண்டிய விஷயத்துக்கு மூணு கொலயா?"

"கொழந்த பொறந்துடுச்சின்னா அவசரமா ஒரு தாலி" என்றாள் ரோஸ்லின். "எங்க சர்ச்சுல எத்தன பாத்திருக்கேன். அதான், நடுவுல ஒரு பக்கத்துல வேற இன்னாவோ இருக்கும், அது மிஸ்ஸாயிடுச்சின்னு நெனச்சேன்."

"நான் கட்னது அத்த பையன" என்றாள் அக்கா. "அதுக்காவ அவரு போயி மூணு பேர வெட்னாரா? தேங்காய வெட்டவே என்னக் கூப்புடுவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். மணவாளன் அத்தான் உள்ளேயிருந்து, "கேக்குது, கேக்குது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதை முழுவதும் அந்த ஒரு பக்கத்தின் மேல் நிற்கிறது. அது இந்த ஊரில் நிற்காது என்றால் எந்த ஊரிலும் தமிழில் நிற்காது. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினால் புகழ்வேந்தன் மூடிவிடுவார். எழுதாமல் மறைத்தாலும் அவரே கண்டுபிடிப்பார். பேனாவை மூடினேன். நாளை மதியம் கம்பெனிக்கு என்ன பதில் அனுப்புவது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏட்டய்யா ஒண்ணுமே சொல்லலியே" என்றாள் ரோஸ்லின்.

சுப்பராயலு நோட்டைப் பிரித்தார். கதையில் வரும் எல்லாப் பேரையும் கேஸ் டைரி மாதிரி வரிசையாக எழுதி வைத்திருந்தார். பேர், வயது, தொழில், சம்பவ நேரத்தில் எங்கே இருந்தார்.

"அரி, ரெண்டாம் அத்தியாயத்துல ஒரே ஒரு எடத்துல முழுப்பேரு போட்டிருக்க. ஹென்ரிக் லுண்ட்வால். இடா லுண்ட்வால். அப்புறம் எங்கியும் அந்த லுண்ட்வால் வரல. ஏன்?"

"வெட்டிட்டேன் ஏட்டய்யா. நம்ம ஆளுங்களுக்கு வாய்ல நுழையாதுன்னு."

"லுண்ட்வால்னா இன்னா, ஊர் பேரா?"

"குடும்பப் பேரு."

"அது யார் வழியா வரும்? ஆத்தா வழியா, அப்பன் வழியா?"

"அப்பா வழியா."

"அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"கடைசி வரைக்கும் ஆகல. ஆகியிருந்தாதான் பேரு மாறும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அவனுக்கும் அப்பன் வழிப் பேரு லுண்ட்வால். அவளுக்கும் அப்பன் வழிப் பேரு லுண்ட்வால். ரெண்டு அப்பனும் அண்ணன் தம்பின்னு ஆவுது. அந்தாளு எப்டிடா மாமா ஆனாரு?"

நான் எழுந்துவிட்டேன். பையிலிருந்து ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். ஆங்கிலத்தில் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே வார்த்தை. காதல் என்று வந்ததும் என் கை தானாக மாமா மகள் என்று எழுதியிருக்கிறது. வேறு விதமாக எழுத எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் கல்லறைக் கல் ஒன்று வருகிறது. இடாவின் அப்பா, ஹென்ரிக்கின் அப்பாவுக்கு ஆறு வருடம் இளையவர். பேர் அதே லுண்ட்வால்.

"சித்தப்பா" என்றேன்.

"அய்யய்யோ" என்றாள் ரோஸ்லின். கை வாய்க்குப் போய்விட்டது. "அண்ணன் தங்கச்சியா?"

"சித்தப்பா பொண்ணையாடா?" அய்யனார் தன் பிரதியைத் தள்ளி வைத்தான். "பொறம்போக்கு. அதான் கொன்னிருக்கான். வெளிய தெரிஞ்சா ஊர்ல நிக்க முடியுமா? மூணு பேர் இன்னா, ஏழு பேரக் கொல்லுவான்."

"அந்தக் கொழந்த..." என்று ஆரம்பித்த ரோஸ்லின் தன் பிரதியை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைத் திரும்பப் பிரித்தாள். நின்றுகொண்டே படித்தாள்.

அந்த ஊரில் மாமா மகளும் சித்தப்பா மகளும் ஒன்றுதான். நம் ஊரில் ஒன்று கல்யாணம், மற்றது கொலை. ஏட்டய்யா நோட்டில் ஒரு கோடு போட்டு, "மோட்டிவ் கெடச்சிடுச்சி" என்றார். டீ சொல்லச் சொன்னார்.

அன்று மாலைக்குள் நாற்பத்தோரு இடத்தில் திருத்தினேன். வெட்டிய லுண்ட்வால்களை எல்லாம் திரும்பப் போட்டேன். அவர்கள் சொன்னது எதையும் மறைக்காமல், என் தப்பையும் சேர்த்து எழுதி, திருத்திய பிரதியோடு அனுப்பினேன். காபி, மார்ச்சுவரி, ஹாரன், எல்லாம்.

திங்கள் பதினொன்றே முக்காலுக்குப் புகழ்வேந்தன் கூப்பிட்டார். பின்பாதியை மட்டும் படித்திருந்தார்.

"இருநூத்திப் பன்னிரண்டுல புத்தகத்த மூடி வச்சிட்டு எழுந்து போய்ட்டேங்க. திரும்ப வந்து எடுக்க அரை மணி நேரம் ஆச்சு. அடுத்த புத்தகத்த எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

"இன்னிக்கு."

"அதையும் அந்த ஏட்டய்யாகிட்ட காட்டிருங்க."

கம்பெனிக்கு 'வரவில்லை, நன்றி' என்று அனுப்பினேன். நன்றி பழக்கத்தில் வந்தது. அப்புறம்தான் பசித்தது.

கடைக்குப் போனபோது அக்கா திருத்திய பிரதிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். மூவரும் முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். புகழ்வேந்தன் பேசியதைச் சொன்னேன். "ம்" என்றாள். "சாப்ட்டியா?" என்றாள். இல்லை என்றதும் டிபன் கேரியரை என் பக்கம் நகர்த்தினாள்.

ஒவ்வொரு பிரதியின் முதல் பக்கத்திலும் மார்க்கரால் பெரிதாக எழுதிவைத்திருந்தாள்: 'மொத்தம் 318 பக்கம். எண்ணி வாங்கிக்கொள்ளவும்.'