சலவைப் பிரிவுக்கு முதலிடம்

மூன்றாவது மாடிக்கு என்னைக் கூப்பிட்டால் அது திட்டுவதற்காகத்தான் இருக்கும். இந்த ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளராகி பதினொரு வருஷம் ஆகிறது. போர்வையில் கறை போகவில்லை, ஆபரேஷன் தியேட்டருக்குத் துணி நேரத்துக்கு வரவில்லை, சோப்புத்தூள் ஏன் இப்படிக் கரைகிறது என்பதைத் தவிர வேறு எதற்கும் அங்கே போனதில்லை. அதனால் அன்று காலை ஹெச்.ஆர். அதிகாரி எழுந்து நின்று, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழை என்னிடம் நீட்டியபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊழியர் மனநிறைவுக் கணக்கெடுப்பில் பதினாலு பிரிவுகளில் எங்களுக்குத்தான் முதலிடம். ஆறு பேரும் பதினைந்து கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறார்கள். பெயர் எழுதாத படிவம், யார் எதை நிரப்பினார்கள் என்று ஆண்டவனுக்குக்கூடத் தெரியாது என்றுதான் கொடுத்தார்கள். ஆறும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி வந்தால் அதில் தெரிந்துகொள்ள என்ன பாக்கி?

"என்ன மேடம் ரகசியம்? சொன்னீங்கன்னா மத்த பிரிவுலயும் அதையே செஞ்சிடலாம்" என்றார். நல்ல பையன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பேனாவைக்கூடத் திறந்து வைத்துக்கொண்டார்.

நான் என்னவென்று சொல்ல? துணி மடிக்கும் மேஜையில் வேலை பார்க்கிற ரேடியோவுக்கு முட்டி போய்விட்டது. வாய் மூடாமல் பேசுவதால் நாங்கள் வைத்த பெயர் அது. எங்கள் பிரிவில் என்னைத் தவிர யாரும் வேலை நேரத்தில் உட்காரக் கூடாது, அவர்களுக்கு நாற்காலிக்கு அனுமதி இல்லை. ஒரு பெரிய வாளியைக் கவிழ்த்து, மேலே பழைய துண்டைப் போட்டு அவளை உட்கார வைத்திருக்கிறேன். நெட்டையன் தினமும் மூன்று மணிக்குப் பின்வாசல் வழியாகப் போய், பள்ளி விட்டு நிற்கும் மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு அரை மணியில் திரும்பி வருவான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவனுக்கு வேறு வழியில்லை. அந்த அரை மணி அவன் மெஷினை நான் பார்த்துக்கொள்வேன், பதிவேட்டில் அவன் எங்கேயும் போகவில்லை. கடைசியாகச் சேர்ந்த பெண் மூன்று மாத கர்ப்பம். நிரந்தரம் ஆகும்வரை ஆபீசுக்குத் தெரிய வேண்டாம் என்று அழுதாள், கறை எடுக்கும் மருந்து நெடி பக்கம் அவளை விடுவதில்லை. மற்ற மூன்று பேருக்கும் இப்படி ஆளுக்கொன்று உண்டு. என் ரகசியம் மொத்தமும் விதிமீறல். சொன்னால் சான்றிதழோடு சேர்த்து என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"ஒண்ணுமில்ல சார். ஒத்துமையா இருக்கோம்" என்றேன். அதை எழுதிக்கொண்டார்.

பிறகுதான் அவர் இன்னொரு காகிதத்தை எடுத்தார். இரண்டு ஆள் வேண்டும் என்று இந்த வருஷம் மட்டும் நான் மூன்று கடிதம் எழுதியிருந்தேன். எட்டு பேர் பார்த்த வேலையை ஆறு பேர் பார்க்கிறோம். மேஜையில் இருந்த அந்தக் கடிதங்களை அவர் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எட்டாவது கேள்வியைக் காட்டினார். 'என் பிரிவில் வேலைக்குப் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.' ஆறு பேரும் முழு சம்மதம்.

"அவங்களே போதும்னு சொல்றாங்க மேடம். எமர்ஜென்சி வார்டுல பாருங்க, நூத்துக்கு நாப்பத்தோரு மார்க். நாலு பேர் வேலைய விட்டே நின்னுட்டாங்க. அதனால உங்ககிட்டேருந்து ஒருத்தரை அங்க மாத்தறோம். திங்கட்கிழமையிலேருந்து. யாருன்னு நீங்களே சொல்லிடுங்க, இன்னிக்கு நாலு மணிக்குள்ள. உங்களுக்குத்தானே அவங்களப் பத்தித் தெரியும்?"

"சார், அவங்க சும்மா போட்டிருப்பாங்க."

"பொய்யா எழுதிட்டாங்கன்னு சொல்றீங்களா?"

அதற்கு நான் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏன் என்றால் அந்தப் பொய்யை எழுத வைத்ததே நான்தான். படிவத்தைக் கொடுத்த அன்று நெட்டையன் கேட்டான், "ஏங்க்கா, இதுல கொறைச்சுப் போட்டா உங்களுக்குத்தான் திட்டு விழுமா?" நான் சிரித்துக்கொண்டே "பின்ன?" என்றேன். அவ்வளவுதான். ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் கூடி உட்கார்ந்து, என் தலைக்கு எதுவும் வராமல் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் பயப்படவில்லை. பாசத்தில் ஆறு பேரும் சேர்ந்து என் கையை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு வழி காட்டியது என் வாய். படி இறங்கும்போது அந்தக் கண்ணாடிச் சட்டத்தை எங்கேயாவது போட்டு உடைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

கீழே நுழைந்ததும் கைதட்டினார்கள். செய்தி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. ரேடியோ சான்றிதழை வாங்கி உயர்த்திக் காட்டி, "பாத்தீங்களா, நம்ம அக்கா மானத்த காப்பாத்திட்டோம்" என்றாள். "ரெண்டு ஆள் எப்பக்கா வருது?"

மெஷின் சத்தத்தில் நான் சொன்னது கேட்கவில்லை. இரண்டாம் முறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் போக வேண்டும், எமர்ஜென்சி வார்டுக்கு, நான் பெயர் கொடுக்க வேண்டும். யார் என்றுகூட யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றே பார்க்கிற வேலை அது, பத்து நிமிஷம் வெளியே போனாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோருக்கும் தெரியும்.

மத்தியானம் முழுக்க என் மேஜையில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரேடியோவின் பெயரை எழுதினால் ஒரே வாரத்தில் படுத்துவிடுவாள். நெட்டையனை எழுதினால் அந்தக் குழந்தை பள்ளி வாசலில் நிற்கும். அந்தப் பெண்ணை எழுதினால், வேண்டாம். மற்ற மூன்று பேரையும் இப்படியே நினைத்துப் பார்த்தேன். என் பெயரையே எழுதிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மேற்பார்வையாளரை மாற்றுவது அவர்கள் கேட்டதில் இல்லை, மாற்றினாலும் புதிதாக வருகிறவர் முதலில் அந்த வாளியைத்தான் எடுப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

மூன்றடித்தது. நான் எழுந்து நெட்டையனின் மெஷினுக்குப் போனேன். அவன் நகரவில்லை. ஈரப் போர்வைகளை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தான்.

"என்னடா, மணியப் பாக்கலியா? புள்ள நிக்கும், ஓடு."

"பரவால்ல மேடம்" என்றான். "இனிமே அவளே நடந்து போயிடுவா."

பதினொரு வருஷத்தில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. சலுகை வாங்குகிறவன் பெயரைத்தான் நான் எழுதிக் கொடுப்பேன் என்று நினைத்துவிட்டான் போல. திரும்பிப் பார்த்தேன். மருந்துக் கலவை வாளியை அந்தப் பெண் தானே தூக்கிக்கொண்டு போனாள், முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. மடிக்கும் மேஜையில் ரேடியோ எழுந்து நின்றிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் எதிரே இருந்தவளும் ஒரு பெரிய விரிப்பின் நுனிகளைப் பிடித்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள். நுனியோடு நுனி சேர்ந்தது. இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளாமல் பின்னுக்கு நடந்து, அடுத்த விரிப்பை எடுத்தார்கள்.